இழுத்தால் சுடும்: ரப்பரும் இலட்சிய வாயுவும்

லாபிஸ் பட்டணத்தைச் சுற்றி இன்று எந்தப் பக்கம் போனாலும் செம்பனைதான். பெக்கோக் போகிற சாலை, சாஆ போகிற சாலை, சிகாமட் போகிற சாலை, எல்லாவற்றிலும் இரண்டு பக்கமும் அதே பச்சை. ஒரு காலத்தில் இந்த இடத்தில் நின்றவை ரப்பர் மரங்கள். 1909இல் கிம்மாஸிலிருந்து ஜொகூர் பாரு வரைக்குமான இரயில் பாதை முடிந்தபோது வடக்கு ஜொகூரின் காடு திறந்துகொண்டது. கம்பெனிகள் வந்தன, கங்காணிகள் வழியாக ஆட்கள் வந்தார்கள், லயங்கள் எழுந்தன. மீதிக் கதை நமக்குத் தெரியும்.

தெரியும் என்று சொல்வதில் ஒரு சிக்கல் இருக்கிறது. தோட்ட வரலாறு என்று நாம் எழுதியதில் கப்பல் பயணம் இருக்கிறது, கள்ளுக்கடை இருக்கிறது, துரையும் கிராணியும் இருக்கிறார்கள், சம்பளம், வேலைநிறுத்தம், தோட்டத் துண்டாடல், பட்டணத்துக்கு வந்து சேர்ந்த துயரம் எல்லாம் இருக்கிறது. இத்தனைக்கும் காரணமான அந்தப் பொருள் மட்டும் பெரும்பாலும் இல்லை. மங்கில் பால் விழுவதோடு, மிஞ்சிப் போனால் ஷீட்டாகிப் புகைபோட்டு லாரி ஏறுவதோடு ரப்பரை நாம் விட்டுவிடுகிறோம். அதுக்கப்புறம் அது என்ன ஆனது? அது ஏன் இழுக்கிறது? இழுத்துவிட்டால் ஏன் திரும்புகிறது? மூன்று தலைமுறை கையில் பிசுபிசுத்த பொருளைப் பற்றி இதைக்கூட நாம் கேட்டுப் பார்க்கவில்லை.

கேட்டால் பதில் போய் நிற்கிற இடம் வெப்பவியல். இன்னும் குறிப்பாக, பள்ளியில் படித்து மறந்துபோன இலட்சிய வாயு. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் அதற்கு நல்லியல்பு வாயு என்று பெயர். அந்தப் பதிலைத் தேடிய ஆராய்ச்சிக்குச் செலவான பணத்தில் ஒரு பங்கு, லாபிஸ் மாதிரியான ஊர்களின் நெரைகளிலிருந்துதான் போனது.

உதட்டில் வைத்த ரப்பர்

இங்கிலாந்தின் வடக்கே கெண்டல் என்கிற சிற்றூரில் ஜான் கஃப் என்று ஒருவர் இருந்தார். 1757இல் பிறந்தவர். குழந்தையாக இருக்கும்போதே அம்மை போட்டுப் பார்வை போய்விட்டது. ஆனாலும் தாவரங்களைத் தொட்டும் முகர்ந்தும் நாக்கில் வைத்தும் பெயர் சொல்லக்கூடியவர், கணிதம் சொல்லிக் கொடுத்தவர். 1802இல் மான்செஸ்டர் இலக்கிய தத்துவக் கழகத்தில் அவருடைய கட்டுரை ஒன்று வாசிக்கப்பட்டது. 1805இல் அது அச்சில் வந்தது. கட்டுரையின் பொருள், அன்றைக்கு 'இந்திய ரப்பர்' என்று அழைக்கப்பட்ட ஒரு வினோதப் பொருள். பெயரில்தான் இந்தியா. பால் கசிந்ததெல்லாம் தென்னமெரிக்கக் காடுகளில்.

கஃப் செய்தது மிகச் சாதாரணமான காரியம். ரப்பர்த் துண்டை வெதுவெதுப்பான நீரில் இளக்கி, உதட்டில் வைத்தபடி இழுத்தார். சுட்டது. தளர்த்தினார். குளிர்ந்தது. அடுத்து, ரப்பர்ப் பட்டை ஒன்றில் எடையைத் தொங்கவிட்டுச் சூடு காட்டினார். உலோகக் கம்பியாக இருந்தால் சூட்டில் நீளும். ரப்பரோ சுருங்கி, எடையை மேலே தூக்கியது.

கண் தெரிந்தவர்கள் இதைக் கவனிக்காமல் போனதில் ஆச்சரியமில்லை. இது பார்த்துத் தெரிகிற விஷயமில்லை, தோலுக்குத் தெரிகிற விஷயம். நீங்களே செய்து பார்க்கலாம். கொஞ்சம் அகலமான ரப்பர் பேண்டு ஒன்றை எடுத்து, சட்டென்று இழுத்து, இழுத்தபடியே உதட்டில் ஒட்டிப் பாருங்கள். அம்மா பார்த்தால் திட்டும், பரவாயில்லை. அப்படியே கொஞ்ச நேரம் பிடித்திருந்து, சூடு ஆறிய பிறகு சட்டென்று தளர்த்தி மறுபடியும் உதட்டில் வையுங்கள். ஜில்லென்று இருக்கும்.

கஃபிடம் படித்த மாணவர்களில் ஒருவர் ஜான் டால்டன். அணுக் கொள்கைக்காக நாம் பெயர் கேட்டிருக்கிற அதே டால்டன்தான். ஒரே பாத்திரத்தில் பல வாயுக்கள் கலந்திருந்தால் ஒவ்வொன்றும் மற்றது இல்லாததுபோலத் தன் பங்கு அழுத்தத்தைத் தரும் என்று 1801இல் சொன்னவர். மான்செஸ்டரில் அந்த டால்டனிடம் பாடம் கேட்ட பையன் ஜேம்ஸ் ஜூல், சாராய ஆலைக்காரரின் மகன். விழுகிற எடையால் துடுப்பைச் சுழற்றி, துடுப்பால் தண்ணீரைக் கலக்கி, அந்தக் கலக்கலில் தண்ணீர் எவ்வளவு சூடாகிறது என்று 1840களில் அளந்து காட்டியவர். வேலை வெப்பமாகும், இத்தனை வேலைக்கு இத்தனை வெப்பம் என்று கணக்குப் போட்டவர்.

1850களில் வில்லியம் தாம்சன் ஒரு தர்க்கத்தை முன்வைத்தார். ரப்பர் இழுத்தால் சூடாகும் என்றால், இழுத்த ரப்பர் சூட்டில் சுருங்கியே ஆகவேண்டும். இரண்டும் ஒரே விதியின் இரண்டு முகம். 1859இல் ஜூல் கந்தகம் சேர்த்துப் பதப்படுத்திய ரப்பரை வைத்துச் சோதித்து, சரிதான் என்று அறிவித்தார். கண் தெரியாத குருவின் உதடு கண்டதை, சீடனின் சீடன் வெப்பமானியால் உறுதிப்படுத்தினார்.

ஆனால் ஏன் அப்படி என்று மட்டும் யாருக்கும் தெரியவில்லை.

தள்ளுவது யார்?

சைக்கிளுக்குக் காற்றடித்தவர்களுக்குத் தெரியும், பம்பின் அடிப்பாகம் சுடும். கை செய்த வேலை காற்றுக்குள் போய் வெப்பமாகிறது. காற்று நம் கையைத் திரும்பத் தள்ளவும் செய்கிறது. எதை வைத்துத் தள்ளுகிறது?

இரும்புச் சுருள்வில்லை அழுத்தினால் பதில் சுலபம். அணுக்களுக்கு நடுவில் இருக்கிற பிணைப்புகள் நசுங்குகின்றன, நாம் கொடுத்த வேலை அங்கேயே சேமிப்பாக உட்கார்ந்திருக்கிறது. கையை எடுத்தால் திருப்பித் தருகிறது. வாயுவில் அந்தச் சமாதானம் செல்லாது. இலட்சிய வாயு என்று நாம் கற்பனை செய்வதில் மூலக்கூறுகளுக்கு அளவு கிடையாது, ஒன்றையொன்று இழுப்பதும் கிடையாது. அவை முட்டித் திரும்பிப் பறந்துகொண்டே இருக்கும், அவ்வளவுதான். அந்த வாயுவை மெதுவாக, வெப்பநிலை மாறாமல் அழுத்தினால், நாம் செய்த வேலை முழுவதும் வெப்பமாக வெளியே போய்விடும். உள்ளே ஒரு துளி கூடச் சேராது. ஏனென்றால் அதன் உள்ளாற்றல் வெப்பநிலையை மட்டுமே பொறுத்தது. சேமிப்பே இல்லாத ஆள் எப்படிக் கடனைத் திருப்பிக் கொடுக்கிறான்?

1662இல் பாயில், அழுத்தினால் பருமன் குறையும், இரண்டின் பெருக்கல் மாறாது என்றார். 1802இல் கே-லுசாக், சூடாக்கினால் எல்லா வாயுக்களும் ஒரே விகிதத்தில் விரியும் என்றார். இரண்டையும் சேர்த்தால் வருவது அந்தப் பழைய சூத்திரம்: மூடிய பாத்திரத்தில் அழுத்தம், தனிவெப்பநிலைக்கு நேர்விகிதம். தனிவெப்பநிலை என்பது பூஜ்ஜியத்துக்குக் கீழே 273 பாகையிலிருந்து எண்ணத் தொடங்குவது. லாபிஸின் 27 பாகை அந்தக் கணக்கில் 300. அதே காற்றை 57 பாகைக்கு, அதாவது 330க்குச் சூடாக்கினால், அழுத்தம் பத்தில் ஒரு பங்கு கூடும்.

தள்ளுவது யார் என்பதற்கு இரண்டு நிலைகளில் பதில் வந்தது. முதல் பதில், மூலக்கூறுகள் சுவரில் மோதுகின்றன. சூடானால் வேகமாக மோதுகின்றன. இதை 1738இலேயே டேனியல் பெர்னூலி சொல்லிவிட்டார். ஆழமான பதிலை 1870களில் வியன்னாக்காரர் லுட்விக் போல்ட்ஸ்மன் கொடுத்தார்: எண்ணிக்கை. கொஞ்ச இடத்துக்குள் மூலக்கூறுகள் இருக்கக்கூடிய விதங்களைவிட, நிறைய இடத்தில் இருக்கக்கூடிய விதங்கள் கணக்கிலடங்காத அளவு அதிகம். யாரும் பிடித்துத் தள்ளவேண்டியதில்லை. கண்மூடித்தனமான அசைவே போதும், கூட்டம் பரவிவிடும். இந்த 'விதங்களின் எண்ணிக்கை'க்குத்தான் என்ட்ரோபி என்று பெயர். சரியாகச் சொன்னால் அந்த எண்ணிக்கையின் மடக்கைக்கு.

தோட்டத்து ஆட்களுக்கு இதை விளக்க ஒரு சொல் போதும்: பெரட்டு. விடியுமுன் பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடுவதற்காக எல்லாரும் வரிசையில் நிற்பார்கள். அந்த வரிசை நிற்பதற்கு ஒரே ஒரு விதம்தான் உண்டு. கங்காணி "போலாம்" என்றதும் ஆட்கள் கலைந்தால், கலைந்து நிற்பதற்கு ஆயிரம் விதம். வரிசையைக் காக்கத்தான் ஆள் வேண்டும். கலைவதற்கு யாரும் வேண்டாம்.

ரப்பர் ஒரு வாயு

1920இல் ஹெர்மன் ஷ்டௌடிங்கர், ரப்பர் போன்ற பொருள்கள் மிக நீண்ட ஒற்றைச் சங்கிலிகளால் ஆனவை என்று சொன்னார். வேதியியலாளர்களில் பலர் நம்பவில்லை. 1953இல் அதற்காகவே நோபல் பரிசு கிடைத்தது. ஐசோப்ரீன் என்கிற சின்னக் கண்ணி ஆயிரக்கணக்கில் கோத்த சங்கிலிதான் ரப்பரின் மூலக்கூறு. அந்தச் சங்கிலி ஒவ்வொரு கணுவிலும் திரும்பக்கூடியது, வெப்பத்தில் ஓயாமல் நெளிந்துகொண்டே இருப்பது.

இப்போது பெரட்டை நினைத்துக்கொள்ளுங்கள். சங்கிலி நேராக நிற்பதற்கு ஒரே விதம். சுருண்டு மடங்கிக் கிடப்பதற்கு எண்ண முடியாத விதங்கள். நாம் ரப்பரை இழுக்கும்போது செய்வது, கலைந்து நிற்கிற சங்கிலிகளை வரிசைக்குக் கொண்டுவருவது. விட்டதும் அவை கலைகின்றன. வெளியே இருந்து பார்க்கிற நமக்கு அது ரப்பர் 'திரும்புவதாக'த் தெரிகிறது.

1932இல் குர்ட் மேயரும் அவருடைய சகாக்களும் இந்தத் திசையைக் காட்டினார்கள். 1934இல் வியன்னாவில் யூஜின் கூத், ஹெர்மன் மார்க் இருவரும் அதைக் கணக்காகவே போட்டார்கள். அதே ஆண்டில் வெர்னர் கூனும் அதைச் செய்தார். போல்ட்ஸ்மன் வாழ்ந்த ஊரில், அவருடைய எண்ணிக்கை முறையாலேயே ரப்பருக்கு விடை வந்தது. அந்த விடை இதுதான்: இலட்சிய ரப்பரின் இழுவிசை, நீளத்தை மாற்றாமல் பிடித்திருந்தால், தனிவெப்பநிலைக்கு நேர்விகிதம். இலட்சிய வாயுவின் அழுத்தத்துக்குச் சொன்ன அதே வாக்கியம். 300லிருந்து 330க்குப் போனால் இழுப்பும் பத்தில் ஒரு பங்கு கூடும். ரப்பரும் உள்ளே எதையும் சேமிப்பதில்லை. இழுக்கும்போது நம் வேலையை வெப்பமாகக் கொடுத்துவிடுகிறது; சுருங்கும்போது தன் வெப்பத்தைச் செலவு பண்ணி வேலை செய்கிறது. கஃபின் உதட்டில் சுட்டதும் குளிர்ந்ததும் இந்தக் கொடுக்கல்வாங்கல்தான்.

சாலையில் ஓடுகிற லாரி டயரைப் பாருங்கள். உள்ளே காற்று, வெளியே ரப்பர். ஒன்று விரிந்து தள்ளுகிறது, ஒன்று சுருங்கி இழுக்கிறது. இரண்டுக்கும் பின்னால் இருப்பது ஒரே எண்ணிக்கை.

இலட்சியம் என்கிற சொல்லுக்கு உரிய எச்சரிக்கையும் இங்கே உண்டு. நிஜக் காற்று முழுக்க இலட்சிய வாயு கிடையாது, நிஜ ரப்பரும் அப்படித்தான். இயற்கை ரப்பரின் இழுவிசையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சங்கிலியின் உள்ளாற்றலிலிருந்து வருகிறது. அதிகமாக இழுத்தால் சங்கிலிகள் படிகமாக அடுங்கவும் தொடங்கும். 1925இல் எக்ஸ் கதிரால் காட்ஸ் கண்டது அது. கணக்கு ஒரு தொடக்கம். அவ்வளவே.

பணம் எங்கிருந்து வந்தது?

1930களின் தொடக்கத்தில் ரப்பர் விலை பாதாளத்துக்குப் போயிருந்தது. தோட்டங்களில் சம்பளம் வெட்டப்பட்டது, ஆயிரக்கணக்கானவர்கள் தமிழ்நாட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். 1934இல் ரப்பர் உற்பத்தி செய்கிற நாடுகள் சேர்ந்து ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு ஒப்பந்தம் ஒன்றைப் போட்டன. ரப்பருக்குப் புதிய பயன்களைக் கண்டுபிடித்தால்தான் பிழைக்க முடியும் என்ற எண்ணத்தில், ஏற்றுமதியாகும் ரப்பர் மீது செஸ் வரி போட்டு ஆராய்ச்சிக்குச் செலவழிப்பது என்று முடிவானது. அந்தப் பணத்தில் 1938இல் இங்கிலாந்தில் பிரிட்டிஷ் ரப்பர் உற்பத்தியாளர் ஆராய்ச்சிச் சங்கம் உருவானது. அதன் ஆய்வகம் லண்டனுக்கு வடக்கே வெல்வின் கார்டன் சிட்டியில் இருந்தது. மலாயாவிலேயே கோலாலம்பூரில் ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் 1920களின் நடுவிலிருந்து இயங்கி வந்தது. அதற்கும் செஸ்தான் சோறு.

வெல்வினில் வேலை செய்தவர் எல். ஆர். ஜி. ட்ரெலோர். வியன்னாவில் ஒற்றைச் சங்கிலிக்குப் போட்ட கணக்கை, ஒன்றோடொன்று முடிச்சுப் போட்ட சங்கிலிகளின் வலைக்கு விரித்தவர்களில் முக்கியமானவர். 1949இல் வந்த 'ரப்பர் மீள்தன்மையின் இயற்பியல்' என்கிற அவருடைய நூல் அந்தத் துறையில் இன்றைக்கும் எடுத்துப் பார்க்கப்படுவது.

சட்டப்படி செஸ் கட்டியவர்கள் ஏற்றுமதிக்காரர்கள். பால் வெட்டியவர் சம்பளச் சீட்டில் அப்படி ஒரு பிடித்தம் இருக்காது. ஆனால் அந்த வரி எடை பார்த்து விழுந்தது. எடை என்பது, இருட்டில் எழுந்து, சூடேறுமுன் நெரையை முடித்து, வாளி சுமந்து ஸ்டோருக்குக் கொண்டுவந்த பால். பாலில் மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர், மீதி பெரும்பாலும் தண்ணீர். அந்தத் தண்ணீரையும் சேர்த்துச் சுமந்தது தோள். மலாய், சீனக் குடும்பங்களின் சிறுதோட்டத்து ரப்பர் மீதும் அதே வரிதான். ஆகவே ரப்பர் ஏன் திரும்புகிறது என்ற கேள்விக்கு வெல்வினில் பதில் எழுதப்பட்டபோது, அந்தக் காகிதத்துக்கும் மைக்கும் வந்த காசில் வடக்கு ஜொகூர் தோட்டங்களின் வியர்வையும் இருந்தது.

ட்ரெலோர் வலைக் கணக்கின் முக்கியக் கட்டுரைகளை வெளியிட்ட ஆண்டு 1943. ஜப்பானியர் 1942 ஜனவரியில் சிகாமட், லாபிஸ் வழியாகத் தெற்கே இறங்கி, பிப்ரவரியில் சிங்கப்பூரைப் பிடித்திருந்தார்கள். ரப்பர் வாங்க ஆளில்லை. மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் சயாமுக்கும் பர்மாவுக்கும் நடுவே 415 கிலோமீட்டர் இரயில் பாதை போடக் கொண்டு போகப்பட்டார்கள். அந்தப் பாதை முடிந்ததும் 1943 அக்டோபரில்தான்.

இரண்டையும் பக்கத்தில் வைப்பது யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காக இல்லை. ட்ரெலோர் அவருடைய வேலையைச் செய்தார், நன்றாகச் செய்தார். எனக்கு உறுத்துவது வேறு. அவருடைய கணக்கின் பலமே, எந்தச் சங்கிலி எங்கே கிடக்கிறது என்று கேட்காமல் இருப்பதில் இருக்கிறது. தனி மூலக்கூறுக்குப் பெயரில்லை, கடந்த காலம் இல்லை. எண்ணிக்கை போதும், விதி வந்துவிடும். இயற்பியலுக்கு அது நியாயமான மறதி. அதே வருஷம் சயாம் காட்டில் இறந்தவர்களை நம் உலகமும் எண்ணிக்கையாகத்தான் வைத்திருக்கிறது, அதுவும் ஆளுக்கு ஒன்று சொல்கிற எண்ணிக்கை. மூலக்கூறை மறந்தால் விதி கிடைக்கும். மனிதனை மறந்து நமக்குக் கிடைத்தது ஒன்றுமில்லை.

நமக்கு இதில் என்ன?

போருக்குப் பிறகு செயற்கை ரப்பர் வந்து இயற்கை ரப்பரின் கழுத்தைப் பிடித்தபோது, அதைக் காப்பாற்றியவர்களில் ஒருவர் மலையாள வம்சாவளியில் வந்த பி. சி. சேகர். 1966இல் கோலாலம்பூர் ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் ஆசிய இயக்குநரானார். கண்ணால் பார்த்து, ஷீட்டின் நிறம் பார்த்துத் தரம் பிரித்த காலத்தை முடித்து, அளந்து தரம் சொல்லும் மலேசிய ரப்பர்த் தர முறை 1965இல் வந்ததில் அவருடைய பங்கு பெரியது. 2006இல் மறைந்தார். வெல்வின் ஆய்வகத்தின் வாரிசு இன்று துன் அப்துல் ரசாக் ஆராய்ச்சி மையம் என்ற பெயரில், மலேசியாவின் சொத்தாக, இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபர்ட் அருகே இயங்குகிறது. ஆக, அறிவு ஒரேயடியாகக் கைநழுவிப் போய்விடவில்லை. நாட்டுக்குத் திரும்பி வந்தது. லயத்துக்குத்தான் வரவில்லை.

லயமும் இப்போது இல்லை. ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டார்கள், ஆட்கள் பட்டணம் போனார்கள். பால் வெட்டிய பாட்டிகள் சிலர் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ரப்பரின் குணம் தெரியாது என்று நினைத்துவிட வேண்டாம். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும் என்று கேட்காமலே பாட்டி சொல்லும். விடியற்காலையில் மரத்தின் பால் குழாய்களில் அழுத்தம் அதிகம், வெயிலில் இலை நீரை இழக்க இழக்க அது இறங்கும் என்று பாடநூல் சொல்வதும் அதேதான். எவ்வளவு ஆசிட் ஊற்றினால் பால் எப்போது கட்டும், புகைக்கூண்டில் சூடு ஏறினால் ஷீட் எப்படிக் கெடும் என்பதெல்லாம் கைக்குத் தெரிந்த வெப்பவியல். ஜான் கஃபின் உதட்டுக்குத் தெரிந்த மாதிரி.

வித்தியாசம் ஒன்றுதான். கஃபின் உதட்டுக்குத் தெரிந்ததை ஒரு கழகம் உட்கார்ந்து கேட்டது, அச்சில் போட்டது. 57 வருஷம் கழித்து அவருடைய சீடனின் சீடன் அதை எடுத்துச் சோதித்தார். நம் பாட்டிகளின் கைக்குத் தெரிந்ததை யாரும் கேட்டு எழுதவில்லை. துரை கேட்கவில்லை என்பது பழைய புகார். நாமும் கேட்கவில்லை. துயரத்தைக் கேட்டோம், வேலையைக் கேட்கவில்லை. பால் வெட்டுவது ஒரு கஷ்டம் என்று எழுதினோம். அது ஒரு அறிவு என்று எழுதத் தோன்றவில்லை.

ஆகவே இளைய வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் பால் வெட்டியவர் யாராவது இருந்தால், அடுத்த முறை போகும்போது பழைய கஷ்டத்தோடு சேர்த்து இதையும் கேளுங்கள்: எந்த மரத்தில் பால் அதிகம், ஏன்? மழை நாளில் மங்கில் என்ன ஆகும்? ஒட்டுப்பாலுக்கும் கட்டிப்பாலுக்கும் கையில் என்ன வித்தியாசம் தெரியும்? அவர்கள் சொல்வதை அப்படியே எழுதி வையுங்கள். போகிறபோது ஒரு ரப்பர் பேண்டும் கொண்டுபோங்கள். இழுத்து உதட்டில் வைத்துக் காட்டினால், அது ஏன் சுடுகிறது என்று இந்தத் தடவை நீங்கள் சொல்லலாம்.